டுலூத்துக்குக் குடிவருகிறவர்களுக்கு: ஏரியையும் மேட்டையும் கணக்கில் வைத்து முதல் ஆண்டைக் கடத்துவது எப்படி

மினசோட்டா மாநிலத்தின் வடகிழக்கில், சுப்பீரியர் ஏரியின் மேற்கு நுனியில் இருக்கிறது டுலூத். 2020 கணக்கெடுப்பின்படி மக்கள்தொகை 86,697. மருத்துவமனை வேலைக்கும், மினசோட்டா பல்கலைக்கழகத்தின் டுலூத் வளாகத்தில் படிக்கவும் நம்மவர்கள் இங்கே வருகிறார்கள். வருகிற பலரும் "அமெரிக்காவில் குளிரான ஊர்" என்று மட்டும் தெரிந்துகொண்டு வருகிறார்கள். அது போதாது. இங்கே எந்தத் தெருவில் வீடு எடுக்கலாம், என்ன டயர் போடலாம், காலையில் என்ன உடுத்தலாம் என்ற எல்லாவற்றையும் இரண்டு விஷயங்கள் தீர்மானிக்கின்றன: கீழே இருக்கும் ஏரி, அதன் கரையிலிருந்தே எழும்பும் மேடு.

முதல் வேலை: ஊரின் அமைப்பைப் புரிந்துகொள்வது

ஏரியின் நீர்மட்டம் கடல்மட்டத்திலிருந்து சுமார் 600 அடி. மேட்டின் மேலே இருக்கும் விமான நிலையம் 1,400 அடிக்கும் மேல். சில மைல் தூரத்துக்குள் 800 அடி ஏற்றம். ஊர் இந்தச் சரிவில் கரையோரமாக 25 மைலுக்கு மேல் நீண்டு கிடக்கிறது; அகலம் மிகக் குறைவு.

தெருக்களின் பெயரிலேயே வழி இருக்கிறது. 'ஸ்ட்ரீட்' என்று முடிபவை பெரும்பாலும் கரைக்கு இணையாக ஓடுபவை, ஏறக்குறைய சமதளம். கீழே சுப்பீரியர் ஸ்ட்ரீட், அதற்கு மேலே முதல் ஸ்ட்ரீட், இரண்டாவது ஸ்ட்ரீட் என்று மாடிப்படி போல ஏறிக்கொண்டே போகும். 'அவென்யூ' என்பவை மேட்டில் நேராக ஏறி இறங்குபவை. லேக் அவென்யூதான் நடுக்கோடு. அதற்கு ஒரு பக்கம் எண்களோடு 'ஈஸ்ட்', மறுபக்கம் 'வெஸ்ட்' வரும். முகவரி எழுதும்போது இந்தச் சொல்லை விட்டுவிட்டால் பார்சல் ஊரின் அந்தக் கோடிக்குப் போய்விடும். உள்ளூர்க்காரர்கள் சொல்லும் 'கிழக்கு' திசைகாட்டியில் வடகிழக்கு என்பதும் நினைவிருக்கட்டும்.

இப்போது வானிலை. கைபேசியில் 'டுலூத்' என்று காட்டும் வெப்பநிலை பெரும்பாலும் மேட்டின் மேலே, விமான நிலையத்தில் அளந்தது. ஜூன் மாதத்தில் மேலே 75 டிகிரி ஃபாரன்ஹீட் இருக்க, கிழக்குக் காற்று அடித்தால் கரையோரத்தில் 50-தான் இருக்கும். ஏரித் தண்ணீர் அவ்வளவு குளிர்ச்சி. அதன்மேல் வருகிற காற்றும் அப்படியே. குளிர்காலத்தில் இது தலைகீழ்: உறையாத ஏரி கரையை ஓரளவு கதகதப்பாக வைத்திருக்கும், மேட்டின் மேலே குளிரும் பனியும் அதிகம். ஒரே புயலில் கீழே மழையும் மேலே அரை அடிப் பனியும் விழுவது சாதாரணம். ஆகவே கோடையிலும் காரில் ஒரு ஸ்வெட்டர் கிடக்கட்டும். நவம்பரில் கீழே சாலை ஈரமாகத்தான் இருக்கிறது என்று நம்பி மேலே வண்டியை விரட்டாதீர்கள்.

வந்து சேர்வது

டுலூத்துக்குச் சொந்த விமான நிலையம் உண்டு. மினியாபொலிஸ், சிகாகோ வழியாக இணைப்பு விமானங்கள். கட்டணம் கூடுதலாகத் தெரிந்தால் மினியாபொலிஸில் இறங்கி ஷட்டில் வேனிலோ பேருந்திலோ வரலாம். தூரம் சுமார் 155 மைல், நல்ல சாலையில் இரண்டரை மணி நேரம். இன்டர்ஸ்டேட் 35 நெடுஞ்சாலை இந்த ஊரில்தான் முடிகிறது. நவம்பர் முதல் ஏப்ரல் வரை விமானம் இறங்கும் நேரத்துக்கும் வேன் கிளம்பும் நேரத்துக்கும் நடுவில் குறைந்தது மூன்று மணி நேரம் விடுங்கள். கோட்டும் கையுறையும் கைப்பையில் இருக்க வேண்டும், பெட்டியில் அல்ல. பெட்டி வராமல் போகும் நாள்தான் மைனஸ் 15 ஆக இருக்கும்.

வீடு பார்ப்பது

இங்கே வாடகை வீடுகளில் நிறைய 100 ஆண்டு பழையவை. அழகானவை, ஆனால் குளிர் புகும் வீடுகள். வாடகைத் தொகையை மட்டும் ஒப்பிட்டு முடிவெடுப்பதுதான் புதியவர்களுக்கு விழும் பெரிய அடி. வரிசையாக இவற்றைக் கேளுங்கள்.

வாடகைக்கு விட நகராட்சி உரிமம் இருக்கிறதா என்பது முதல் கேள்வி. டுலூத்தில் அது கட்டாயம். அடுத்து, வெப்பத்துக்கு யார் பணம் கட்டுவது. வாடகையோடு சேர்ந்தது என்றால் நிம்மதி. இல்லையென்றால் போன ஜனவரி, பிப்ரவரி மாதங்களின் பில் எவ்வளவு வந்தது என்று கேட்டு வாங்குங்கள். மின்சாரம் தருவது மினசோட்டா பவர் நிறுவனம். இயற்கை எரிவாயுவும் தண்ணீரும் நகராட்சியுடையவை. அதனால் இரண்டு இடத்தில் தனித்தனியாகக் கணக்கு திறக்க வேண்டியிருக்கும். குடிவரும் தேதிக்குச் சில நாள் முன்பே திறந்துவிடுங்கள்.

வாடகைக்குள் வெப்பம் அடக்கம் என்றால், அக்டோபர் 1 முதல் ஏப்ரல் 30 வரை குறைந்தது 68 டிகிரி ஃபாரன்ஹீட் இருக்கும்படி வீட்டுக்காரர் பார்த்துக்கொள்ள வேண்டும் என்பது மினசோட்டா சட்டம். பில் கட்ட முடியாத நிலை வந்தால் சும்மா இருந்துவிடாதீர்கள். அதே மாதங்களுக்கு 'குளிர்கால விதி' என்ற பாதுகாப்பு உண்டு. ஆனால் நீங்களே நிறுவனத்தைக் கூப்பிட்டு, தவணை பேசி, பேசியபடி கட்டினால்தான் இணைப்பைத் துண்டிக்காமல் இருப்பார்கள்.

பனி அள்ளுவது யார் பொறுப்பு என்று ஒப்பந்தத்தில் எழுதி வாங்குங்கள். பனி நின்ற 24 மணி நேரத்துக்குள் வீட்டு முன் நடைபாதையைச் சுத்தம் செய்ய வேண்டும். குப்பையும் அப்படியே: டுலூத்தில் வீட்டுக் குப்பையை நகராட்சி வண்டி எடுப்பதில்லை, தனியார் நிறுவனத்தோடு ஒப்பந்தம் போட வேண்டும். தனி வீடு எடுக்கிறவர்கள் இதைக் கேட்க மறந்து, முதல் மாதம் குப்பையோடு நிற்பார்கள். தொட்டியை எடுக்கும் நாள் காலையில் மட்டும் வெளியே வையுங்கள். முந்தின இரவே வைத்தால் கருங்கரடி வந்து கவிழ்க்கும். இலையுதிர்காலத்தில் ஊருக்குள்ளேயே நடமாடும்.

கார் நிறுத்த வீட்டோடு இடம் இருக்கிறதா என்பது அடுத்தது. இதற்காக மாதம் 50 டாலர் கூடுதல் கேட்டாலும் கொடுக்கலாம். காரணம் கீழே வருகிறது. வண்டிப் பாதை செங்குத்தாக இருந்தால் ஜனவரியில் அதில் ஏற முடியுமா என்று பக்கத்து வீட்டுக்காரரிடம் கேளுங்கள், உண்மையைச் சொல்வார்.

முன்பணம் தருவதற்கு முன் ஒவ்வொரு அறையையும் வீடியோ எடுத்து, அன்றே வீட்டுக்காரருக்கு மின்னஞ்சலில் அனுப்பிவிடுங்கள். காலி செய்தபின் புதிய முகவரியை எழுதிக் கொடுத்தால் மூன்று வாரத்துக்குள் முன்பணம் திரும்ப வர வேண்டும், அல்லது எதற்குப் பிடித்தார்கள் என்று எழுத்தில் விளக்கம் வர வேண்டும். பழைய வீடுகள் சிலவற்றுக்கு ஈயக் குழாயில் தண்ணீர் வருகிறது. குழந்தை இருக்கும் வீட்டில் இதை அவசியம் விசாரியுங்கள். ஏரித் தண்ணீர் நல்ல தண்ணீர், சிக்கல் குழாயில்தான்.

ஜன்னலில் குளிர் கசிந்தால் வன்பொருள் கடையில் பிளாஸ்டிக் படலம் விற்கும். ஜன்னல் சட்டத்தைத் துடைத்துக் காயவைத்து, இருபக்க ஒட்டுநாடாவைச் சுற்றிலும் ஒட்டி, படலத்தை இழுத்து ஒட்டி, ஹேர் டிரையரால் ஓரத்திலிருந்து நடுவுக்குச் சூடு காட்டினால் சுருக்கம் போய் விறைப்பாகும். அக்டோபரிலேயே செய்யுங்கள். குளிர் வந்தபின் ஜன்னல் சட்டம் ஈரம் கோத்திருக்கும், நாடா ஒட்டாது. ஊருக்குப் போகும்போது வெப்பத்தை அணைக்கவே கூடாது. 60 டிகிரிக்குக் குறையாமல் வைத்து, வெளிச்சுவரை ஒட்டிய குழாய்கள் இருக்கும் அலமாரிக் கதவுகளைத் திறந்து வையுங்கள். அந்தக் குழாய்தான் முதலில் உறைந்து வெடிக்கும்.

பார்க் பாயின்ட் என்ற மணல்திட்டில் வீடு பார்க்கிறவர்களுக்குத் தனியாக ஒன்று. அங்கே போக ஒரே வழி ஏரியல் லிஃப்ட் பாலம். 1905-இல் கட்டி, 1929-30-இல் மேலே தூக்கும் பாலமாக மாற்றியது. கோடையில் படகுகளுக்காக அரை மணிக்கு ஒருமுறை தூக்குவார்கள். பெரிய கப்பல் வந்தால் எந்த நேரத்திலும் தூக்குவார்கள், நள்ளிரவிலும் சங்கு ஊதும். வேலை நேரம் கறாராக இருப்பவர்கள் 20 நிமிடம் முன்னதாகவே கிளம்பிப் பழக வேண்டும். ஜனவரி நடுவிலிருந்து மார்ச் பிற்பகுதிவரை, கப்பல்கள் சுப்பீரியர் ஏரிக்குள் வந்து போகும் சூ லாக்ஸ் நீர்ப்பூட்டுகள் மூடியிருப்பதால் பெரிய கப்பல்கள் ஓய்ந்திருக்கும்.

குளிருக்குத் துணி

இந்தியாவிலிருந்து தடித்த ஜாக்கெட் வாங்கி வர வேண்டாம். இங்கே வாங்குங்கள், மினசோட்டாவில் சாதாரண உடைகளுக்கு விற்பனை வரி கிடையாது. வேறு பாலத்தைத் தாண்டினால் வரும் பக்கத்து மாநிலமான விஸ்கான்சினில் உண்டு. மேல் கோட்டைக் காட்டிலும் முக்கியம் உள்ளாடை. உடலை ஒட்டி பருத்தி வேண்டாம், வியர்வையைக் குடித்து ஈரமாக நின்று குளிரைக் கூட்டும். மெரினோ கம்பளி அல்லது பாலியஸ்டர் அடுக்கு, அதன்மேல் ஃப்ளீஸ், அதற்கும் மேல் காற்றைத் தடுக்கும் கோட். விரல்கள் பிரிந்த கையுறையை விட நான்கு விரலும் சேர்ந்திருக்கும் மிட்டன் சூடு. பூட்ஸ் அரை அளவு பெரிதாக இருக்கட்டும். கம்பளிக் காலுறையோடு இறுகினால் ரத்த ஓட்டம் குறைந்து கால் மரத்துவிடும். பூட்ஸின் அடியில் மாட்டும் கம்பி அல்லது முள் பட்டையும் வாங்கிக்கொள்ளுங்கள். மேட்டு அவென்யூக்களில் மார்ச் மாதத்தில், உருகி இரவில் மறுபடி உறைந்த பனியில்தான் அதிகம் பேர் விழுகிறார்கள்.

வெறும் வெப்பநிலையைப் பார்க்காமல், காற்றோடு சேர்ந்து உடல் உணரும் குளிரைச் சொல்லும் 'விண்ட் சில்' எண்ணைப் பாருங்கள். 0 டிகிரி ஃபாரன்ஹீட்டில் மணிக்கு 15 மைல் காற்று அடித்தால் அது மைனஸ் 19; மூடாத தோல் 30 நிமிடத்தில் உறையத் தொடங்கும். மூக்கு நுனி, காது மடல் வெளுத்து உணர்வற்றுப் போனால் உடனே உள்ளே வந்து வெதுவெதுப்பான நீரில் வைக்க வேண்டும். தேய்க்கவே கூடாது, திசு கிழியும்.

டிசம்பரில் மாலை நாலரைக்கு முன்பே சூரியன் மறைந்துவிடும். மனம் சோர்வது இயல்பு. பகல் 12 மணிக்கு அரை மணி நேரம் வெளியே நடப்பதை ஒரு வேலையாகவே வைத்துக்கொள்ளுங்கள். வைட்டமின் டி அளவை முதல் மருத்துவப் பரிசோதனையிலேயே பார்க்கச் சொல்லுங்கள்.

கார், பனி, மேட்டுச் சாலை

பல்கலைக்கழகத்துக்கு அருகில் தங்கும் மாணவர்கள் முதல் ஆண்டு கார் இல்லாமல் சமாளிக்கலாம். டுலூத் டிரான்சிட் அத்தாரிட்டியின் பேருந்துகள் வளாகத்தையும் நகர மையத்தையும் மில்லர் ஹில் கடைப் பகுதியையும் இணைக்கின்றன. வளாகக் கட்டடங்கள் பெரும்பாலும் உள்வழியாகவே இணைந்திருப்பதால் வகுப்புக்கு வகுப்பு வெளியே போக வேண்டியதில்லை. நகர மையத்திலும் கட்டடங்களுக்கு நடுவே மூடிய நடைபாலங்கள் உண்டு.

கார் வாங்கினால் முதல் செலவு குளிர்கால டயர். 'ஆல் சீசன்' டயரின் ரப்பர் கடுங்குளிரில் இறுகிப் பிடிப்பை இழக்கும். சமவெளி ஊரில் ஓட்டிவிடலாம், இந்த மேட்டில் முடியாது. நான்கு சக்கரத்துக்கும் போடுங்கள், முன்னால் மட்டும் போட்டால் வளைவில் பின்பக்கம் வழுக்கும். ஆணி பதித்த டயர் மினசோட்டாவில் வசிப்பவர்களுக்கு அனுமதி இல்லை. நான்கு சக்கர இழுவை ஏறுவதற்கு உதவும், நிற்பதற்கு உதவாது. வழுக்கும் நாளில் செங்குத்து அவென்யூவைத் தவிர்த்து, ஸ்ட்ரீட் வழியே போய், சாய்வு குறைந்த பெரிய சாலையில் ஏறுங்கள். இறங்கும்போது உச்சியிலேயே தாழ்ந்த கியருக்கு மாற்றிவிட வேண்டும். நடுவழியில் பிரேக்கை மிதித்து சமாளிக்கலாம் என்று இறங்குகிறவர்கள்தான் கீழே சிக்னலைத் தாண்டி வழுக்கிப் போகிறார்கள். ஏ.பி.எஸ். பிரேக் காலடியில் அதிர்ந்தால் பயந்து காலை எடுக்காதீர்கள், அழுத்தியே பிடியுங்கள்.

கண்ணாடி கழுவும் நீர் மைனஸ் 20 டிகிரி ஃபாரன்ஹீட் அல்லது அதற்கும் கீழே தாங்கும் வகையாக இருக்க வேண்டும். கோடையில் ஊற்றிய நீலத் தண்ணீரை அக்டோபரில் தீர்த்துவிட்டு மாற்றுங்கள். இல்லையென்றால் குழாயில் உறையும். நான்கு ஆண்டுக்கு மேற்பட்ட பேட்டரியைக் குளிருக்கு முன் சோதியுங்கள். எரிபொருள் பாதிக்குக் கீழே இறங்க வேண்டாம். பின்பெட்டியில் மண்வாரி, பனிசுரண்டி, போர்வை, மணல் பை, ஜம்பர் கேபிள். பனியில் சிக்கி எஞ்சினை ஓடவிட்டு உட்கார நேர்ந்தால், முதலில் இறங்கிப் புகைக்குழாயை மூடிய பனியை அகற்றுங்கள். அதைச் செய்யாமல் உட்கார்ந்தால் கார்பன் மோனாக்சைடு உள்ளே வந்து உயிரையே எடுக்கும்.

தெருவில் நிறுத்துகிறவர்களுக்கு: குடியிருப்புத் தெருக்களில் ஒரு வாரம் ஒரு பக்கம், மறுவாரம் எதிர்ப்பக்கம். ஞாயிற்றுக்கிழமை மாலை 4 மணிக்கும் 8 மணிக்கும் இடையில் வண்டியை மாற்ற வேண்டும். கைபேசியில் வாராந்திர நினைவூட்டல் வைத்துவிடுங்கள். கடும் பனிக்கு நகராட்சி 'பனி அவசரநிலை' அறிவித்தால் குறிப்பிட்ட முக்கியச் சாலைகளில் நிறுத்தவே கூடாது, வண்டியை இழுத்துப் போவார்கள். எந்தச் சாலைகள் என்பதைப் பலகையைப் பார்த்து இப்போதே தெரிந்துகொள்ளுங்கள். வெளியூர் கிளம்பும் முன் 511 சேவையில் சாலை நிலவரம் பாருங்கள்.

ஏரிக்கரையில்

சுப்பீரியர் ஏரி சுமார் 350 மைல் நீளம், 160 மைல் அகலம், அதிகபட்ச ஆழம் 1,333 அடி. 'ஏரி' என்ற பெயரைக் கேட்டு நம் ஊர் ஏரியை மனத்தில் வைத்துக்கொண்டு இறங்கக் கூடாது. கடலுக்குரிய மரியாதையை இதற்குக் கொடுக்க வேண்டும்.

பார்க் பாயின்ட் மணற்கரையில் குளிக்கலாம்; பொதுவாக ஜூலை இறுதியிலிருந்து ஆகஸ்ட் வரை. போகும் முன் அன்றைய நீரோட்ட எச்சரிக்கையையும் கொடியையும் பாருங்கள். சிவப்பு என்றால் கால்கூட நனைக்க வேண்டாம். கரையிலிருந்து உள்ளே இழுக்கும் ஓட்டத்தில் சிக்கினால் அதை எதிர்த்து நீந்தாமல், கரைக்கு இணையாக நீந்தி ஓட்டத்திலிருந்து வெளியேறிய பின் கரைக்குத் திரும்ப வேண்டும். நேற்று இதமாக இருந்த நீர் இன்று பற்களைக் கிட்டவைக்கும். நிலத்திலிருந்து வீசும் காற்று மேற்பரப்பின் வெந்நீரை ஏரிக்குள் தள்ளிவிட, அடியிலிருக்கும் குளிர்நீர் கரையில் மேலெழும்பும். குளிர்நீரில் விழுந்தவருக்கு முதல் நிமிடம் மூச்சைக் கட்டுப்படுத்த, அடுத்த பத்து நிமிடம் கைகால் சொன்னபடி கேட்க, அவ்வளவுதான் நேரம். படகில் ஏறினால் உயிர்காப்பு மேலாடை போட்டுக்கொண்டே இருங்கள்.

கேனல் பார்க்கில் கப்பல் கால்வாயின் இருபுறமும் ஏரிக்குள் நீளும் கான்கிரீட் சுவர்கள் உண்டு. 1,000 அடி நீளக் கப்பல் கைக்கெட்டும் தூரத்தில் நுழைவதைக் குழந்தைகளோடு பார்க்க இதைவிட நல்ல இடம் கிடையாது. பக்கத்திலேயே இருக்கும் கடல்சார் அருங்காட்சியகத்துக்குக் கட்டணம் இல்லை. ஆனால் வடகிழக்குக் காற்று பலமாக அடிக்கும் நாளில் அந்தச் சுவரில் ஏறவே கூடாது. 1967 ஏப்ரல் 30 அன்று இரவு அங்கே மூன்று சகோதரர்களை அலை அடித்துச் சென்றது; தேடப் போன கடலோரக் காவல் படை வீரர் ஒருவரும் இறந்தார். புயலைப் பார்க்க ஆசையாக இருந்தால் மேட்டிலிருக்கும் எங்கர் கோபுரப் பூங்காவிலிருந்து பாருங்கள்.

குளிர்காலத்தில் ஏரியில் பனிக்கட்டி பிடித்திருப்பதைப் பார்த்து நடக்கத் தோன்றும். உள்நாட்டுச் சிறு ஏரிகளில் தெளிந்த புதுக் கட்டி 4 அங்குலம் இருந்தால் நடக்கலாம் என்பது மாநிலத்தின் அறிவுரை. வெளுத்த கட்டியென்றால் அதைப் போல இரு மடங்கு வேண்டும். சுப்பீரியரில் இந்தக் கணக்கு செல்லாது. காற்று திரும்பினால் முழுத் தட்டும் கரையிலிருந்து பிரிந்து, மேலே நிற்பவர்களோடு உள்ளே மிதந்து போய்விடும்.

சமையலறை

சாதாரணப் பொருள்கள் மில்லர் ஹில் பகுதியின் பெரிய கடைகளில் கிடைக்கும். ஹோல் ஃபுட்ஸ் கோ-ஆப் என்பது உள்ளூர்க் கூட்டுறவுக் கடை, அதே பெயருள்ள பெரும் நிறுவனத்தோடு தொடர்பில்லாதது. பருப்பும் மசாலாவும் அளந்து வாங்கலாம். இட்லி அரிசி, கறிவேப்பிலை, முருங்கைக்காய் எல்லாம் ஒரே இடத்தில் வேண்டுமென்றால் மினியாபொலிஸ் புறநகர்ப் பக்கம்தான் போக வேண்டும். மேப்பிள் குரோவ் கோயிலுக்குப் போகிற நாளோடு சேர்த்துக்கொள்ளலாம். கறிவேப்பிலையை உருவி, ஈரம் துடைத்து, காற்றுப் போகாத பையில் உறைபெட்டியில் வைத்தால் இரண்டு மாதம் வரும்.

மாவு புளிக்காததுதான் எல்லாரும் படும் பாடு. வீடு 68 டிகிரி என்றால் மாவுக்கு அது குளிர். அரைத்த மாவை வெதுவெதுப்பாக இருக்கும்போதே, பாதி நிறையும் பாத்திரத்தில் ஊற்றி, மின் ஓவனுக்குள் வைத்து ஓவனின் விளக்கை மட்டும் போட்டுக் கதவை மூடுங்கள். 12 முதல் 16 மணி நேரத்தில் பொங்கும். புதிய எல்.இ.டி. விளக்கு சூடு தராது; அப்படியென்றால் இன்ஸ்டன்ட் பாட் என்ற மின் குக்கரின் தயிர் அமைப்பைப் பயன்படுத்தலாம்; காற்று போகும்படி ஒரு தட்டால் மூடுங்கள். ஓவன் கதவில் 'உள்ளே மாவு' என்று சீட்டு ஒட்டுங்கள், இல்லையென்றால் வீட்டில் வேறு யாராவது சூடுபடுத்திவிடுவார்கள்.

தாள் வேலைகள்

வேறு மாநிலத்திலிருந்து குடிவந்தால் 60 நாளுக்குள் ஓட்டுநர் உரிமத்தையும் கார் பதிவையும் மினசோட்டாவுக்கு மாற்ற வேண்டும். புதிதாக எடுப்பவர்களுக்கு எழுத்துத் தேர்வில் 40 கேள்வி, 32 சரியாக இருக்க வேண்டும். மழை, பனி, மூடுபனியில் பகலிலும் முகப்பு விளக்கு எரிய வேண்டும் என்பதும், ஓட்டும்போது கைபேசியைக் கையில் பிடிக்கக் கூடாது என்பதும் இங்கே சட்டம், தேர்விலும் கேட்பார்கள்.

முகவரிச் சான்று கிடைத்ததும் நகர நூலக அட்டை எடுத்துவிடுங்கள், இலவசம். குடும்ப மருத்துவரிடம் புது நோயாளியாகப் பதிய வாரக்கணக்கில் ஆகலாம். நோய் வரும்வரை காத்திருக்காமல் காப்பீட்டு அட்டை வந்த வாரமே பதியுங்கள். சளி, சுளுக்கு போன்றவற்றுக்கு 'அர்ஜன்ட் கேர்' என்ற உடனடிச் சிகிச்சை மையத்துக்குப் போங்கள், அவசரப் பிரிவின் பில் பல மடங்கு வரும்.

டுலூத்தில் குடியிருந்து பாலத்தைத் தாண்டி விஸ்கான்சினின் சுப்பீரியர் நகரில் வேலை பார்க்கிறவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். இரு மாநிலங்களுக்கும் இடையே வருமான வரி உடன்பாடு 2010 முதல் இல்லை. இரண்டு மாநிலங்களுக்கும் தனித்தனி வரிக் கணக்கு தாக்கல் செய்து, விஸ்கான்சினில் கட்டியதற்கான கழிவை மினசோட்டா கணக்கில் கேட்க வேண்டும். சேர்ந்த முதல் வாரமே சம்பளப் பிரிவில் எந்த மாநிலத்துக்கு வரி பிடிக்கிறார்கள் என்று கேட்டுவிடுங்கள். ஒன்றுக்கு மட்டும் பிடித்திருந்தால் மற்றதற்கு ஏப்ரலில் மொத்தமாகக் கட்ட வேண்டி வரலாம்.